டைகர், லீ, ஸ்டூவர்ட்: ஏற்காட்டுல ஒட்டப் போற முதல் டாங்கிக்கு எந்த கிட்?

சித்திரை கடைசி வாரம் ஒரு ராத்திரி ஏற்காட்டுல இருந்து அக்கா பையன் போன் பண்ணான். "மாமா, நானும் ஒரு டாங்கி ஒட்டறேன், டைகர் வாங்கிக் குடுங்க"ன்னான். சரி மாப்ள, பாக்கலாம்னு சொல்லி வெச்சுட்டேன். டைகர்னா ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க ஓட்டின பெரிய டாங்கி. அதுக்கப்புறம் தான் யோசனை வந்துச்சு. கிட்டுன்னா பிளாஸ்டிக் பாகங்களை நாமளே ஒட்டிச் செய்யற மாடல் பெட்டி, அவனுக்கு இது முதல் கிட். எஸ்டேட் குவார்ட்டர்ஸ்ல ஜன்னலோரம் ஒரு படிக்கற மேசை, அது தான் அவனோட பட்டறை. கிட், பசை, பெயின்ட், பாகத்தை வெட்டற நிப்பர் எல்லாம் சேத்து நான் ஒதுக்கினது அஞ்சாயிரம் ரூபா. ஆனி ஆடி வந்துட்டா அங்க பாதி நாள் மேகம் வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும், துணி காயவே மூணு நாள் ஆகும். இதுல டைகர் சரிப்படுமா? இந்த ஒரு கேள்விக்கு மூணு வாரம் ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாத்தேன், அதைத் தான் எழுதறேன். முதல் முதலா போர் டாங்கி கிட் வாங்க நெனைக்கறவங்க, குறிப்பா நம்ம சேலத்து வெயில்லயோ மலை ஈரத்துலயோ ஒட்டப் போறவங்க இதைப் படிச்சா ஒரு பெட்டிக் காசு வீணாகாது.

நான் சேலம் அம்மாபேட்டையில இருக்கேன், பதினோரு வருஷமா ஒட்டறேன். என் முதல் கிட்டை நான் முடிக்கவே இல்ல. டிராக், அதாவது சக்கரத்தைச் சுத்தி ஓடற சங்கிலிப் பட்டை, அதோட ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியா வர்ற பெட்டி, பாக்க ஆசையா இருந்துச்சுன்னு வாங்கினேன், ஒரு பக்க டிராக் முடிக்கவே பன்னெண்டு நாள் ஆச்சு, அடுத்த பக்கத்துக்கு கை போகல, ரெண்டு வருஷம் பரண்ல கெடந்துச்சு. அதனால முதல் கிட்டைப் பத்தி என் எண்ணம் ரொம்ப எளிசு: அது முடியணும். முடிச்சு அலமாரியில வெச்சாத் தான் ரெண்டாவது கிட் வரும். பொதுவா ஆளுங்க பீரங்கி எவ்வளவு பெருசு, எந்த டாங்கி எதை அடிச்சுதுன்னு பாத்து வாங்கறாங்க, நான் பாக்கச் சொல்றது சக்கரம் எத்தனை, டிராக் எப்படி வருது, ஒரே கலரா மூணு கலரா, அவ்வளவு தான். அதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அது கடைசியில வரும்.

மொதல்ல அளவு. கடையில மூணு அளவு கிடைக்கும், 1/35, 1/48, 1/72. நிஜ டாங்கியை அத்தனை பங்கு சுருக்கினதுன்னு அர்த்தம். 1/35ங்கற இந்த விசித்திரமான எண் எங்க இருந்து வந்துச்சுன்னா, 1960களோட தொடக்கத்துல ஜப்பான்ல ஷிஸுவோகா ஊர்ல இருக்கற டாமியா கம்பெனி மோட்டார் வெச்சு ஓடற பாந்தர் டாங்கி பொம்மை செஞ்சாங்க, அதுக்குள்ள பேட்டரி அடங்கற மாதிரி உடம்பு அளவு வெச்சுட்டு அப்புறம் கணக்குப் போட்டுப் பாத்தா நிஜத்துல முப்பத்தஞ்சுல ஒரு பங்கு வந்துச்சு. அப்படிப் பொறந்த அளவு தான் இன்னிக்கு உலகம் முழுக்க டாங்கி ஒட்டறவங்களோட அளவு. ஆள் உருவம், மரம், வீடு, ஜீப்பு எல்லாம் இதுல தான் அதிகமா கிடைக்கும். 1/72 உள்ளங்கையில உக்காந்துக்கும், விலையும் கம்மி, ஆனா ஹெட்லைட்டு கடுகு அளவு இருக்கும், புது ஆளுக்கு சின்னது தான் சுலபம்னு நெனைக்கறது தப்பு, விரல் பழகாத வரைக்கும் சின்னது தான் கஷ்டம். 1/48 நடுவுல இருக்கு, நல்ல அளவு, அதைப் பத்தி கீழ சொல்றேன்.

இப்ப மாப்ள கேட்ட டைகர். அவன் அதை மொபைல் கேம்ல ஓட்டறான், அதனால கேக்கறான். தப்பு இல்ல, எனக்கும் அந்த வயசுல அது மேல தான் கண்ணு. 57 டன் எடை, 88 மில்லிமீட்டர் பீரங்கி, மொத்தமே 1,347 தான் செஞ்சாங்க, 1942ல லெனின்கிராட் பக்கம் முதல் முதலா களத்துக்கு வந்துச்சு. டாமியாவோட 1/35 டைகர் பாகம் பாகமா அழகா பொருந்தும், அந்த விஷயத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது. சிக்கல் பெட்டியில இல்ல, டாங்கியிலயே இருக்கு. டைகரோட ஆரம்ப ரகத்துல ஒரு பக்கத்துக்கு 8 அச்சு, ஒவ்வொரு அச்சுலயும் 3 சக்கரம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு நிக்கும். ரெண்டு பக்கமும் சேத்து 48 சக்கரம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் வெளிய கருப்பு ரப்பர் வளையம், உள்ள உடம்புக் கலர். மாட்டினதுக்கு அப்புறம் தூரிகை உள்ள போகாது, மாட்டறதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணா அடிச்சு காய வைக்கணும். ஏற்காட்டு ஆடி மாசத்துல 48 சக்கரம் காயறதை நெனைச்சுப் பாருங்க.

அடுத்தது டிராக். டைகர் டிராக் கனமான இரும்பு, மேல் பக்கம் சக்கரங்க மேல தொய்ஞ்சு படுத்திருக்கும். பெட்டியில வர்ற ரப்பர் பெல்ட்டு மாதிரியான டிராக்கை மாட்டினா கயிறு கட்டின மாதிரி விறைப்பா நிக்கும், டைகருக்கு அது பொருந்தாது. அதுக்குன்னு தனிக் கண்ணி டிராக் வாங்கினா இன்னொரு கிட் விலை ஆகும், என் பன்னெண்டு நாள் கதையும் திரும்ப வரும். கலர் விஷயத்துல கூட 1943 பிப்ரவரிக்கு அப்புறம் ஜெர்மன் வண்டிங்க மஞ்சளை அடிப்படையா வெச்சு மேல பச்சை, பழுப்புன்னு தெளிச்சுக்கிட்டாங்க, அந்தப் புகை மாதிரி ஓரம் ஏர்பிரஷ், அதாவது காத்தால பெயின்ட் தெளிக்கற கருவி, இல்லாம வராது. அதுக்கு முந்தின டைகரை ஒரே சாம்பல் கலர்ல முடிக்கலாம், அது ஒரு வழி. கடைசி காலத்து டைகருக்கு மேலெல்லாம் காந்தக் குண்டு ஒட்டாம இருக்க சிமென்ட் பூசின மாதிரி வரிவரியா ஒரு பூச்சு இருக்கும், முதல் கிட்டுக்கு அந்தப் பக்கமே போகாதீங்க. இன்னொண்ணும் மனசுல பட்டதை சொல்லிடறேன், ஒட்டறவங்களை நான் குறை சொல்லல, அது அவங்க விருப்பம், ஆனா அவன் முதல்ல கையால செய்யற பொருள்ல அந்தப் படையோட சின்னத்தை ஒட்ட வேண்டாம்னு எனக்குத் தோணுச்சு.

டைகரை விட்டா எல்லாரும் சொல்றது ஷெர்மன். 49,000க்கு மேல செஞ்ச அமெரிக்க டாங்கி, நம்ம ராணுவத்துலயும் ரொம்ப நாள் இருந்துச்சு, 1965 செப்டம்பர்ல அசல் உத்தர்ல பாகிஸ்தானோட பாட்டன் டாங்கிகளை நிறுத்தினதுல நம்ம டெக்கான் ஹார்ஸ் படையோட ஷெர்மனுக்கும் பங்கு உண்டு. டாமியாவோட 1/48 ஷெர்மன் முதல் கிட்டுக்கு ரொம்பவே நல்லது, பாகம் கம்மி, 12 சென்டிமீட்டர் நீளம், ரெண்டு வாரக் கடைசியில ஒட்டி முடிச்சுடலாம். ஒரே ஒரு விஷயம், அந்த வரிசையில மொதல்ல வந்த கிட்டுங்கள்ல அடிப்பாகம் உலோகத்துல வார்த்தது. கையில எடுத்தா கனமா நல்லா இருக்கும், ஆனா பிளாஸ்டிக் பசை அதுல ஒட்டாது, சூப்பர் க்ளூ தான் வேணும், சூப்பர் க்ளூல ஒரு தடவை கோணலா வெச்சுட்டா திருத்த நேரம் கிடைக்காது. பிளாஸ்டிக் பசை அப்படி இல்ல, கொஞ்ச நேரம் நகத்தி சரி பண்ணலாம். புதுசா ஒட்டறவனுக்கு அந்தக் கொஞ்ச நேரம் முக்கியம். என் பட்டியல்ல இது ரெண்டாவது இடத்துல இருந்துச்சு, வேற யாராவது கேட்டிருந்தா இதையே முதல்ல சொல்லியிருப்பேன்.

எம்3 லீ மேல எனக்குத் தனிப் பிரியம். 1940ல பிரான்ஸ் விழுந்ததும் அமெரிக்கா அவசர அவசரமா வடிவமைச்ச டாங்கி, பெரிய பீரங்கியை டரட்டுல, அதாவது மேல சுத்தற கூண்டுல, வைக்க நேரம் இல்லாம 75 மில்லிமீட்டரை உடம்போட வலது பக்கத்துல வெச்சுட்டு மேல சின்ன டரட்டுல 37 மில்லிமீட்டர் வெச்சாங்க. ஐரோப்பாவுல சீக்கிரமே பழசாயிடுச்சு, ஆனா பர்மா எல்லையில நம்ம பக்கம் வந்து பேரு வாங்கிச்சு. இம்பாலுக்குப் பக்கத்துல நுன்ஷிகும்னு ஒரு மலை, 1944 ஏப்ரல் 13, கார்பினியர்ஸ் படையோட லீ டாங்கிங்க டோக்ரா ரெஜிமென்ட் காலாட்படையோட சேந்து, டாங்கி ஏறவே முடியாதுன்னு ஜப்பான்காரங்க நம்பின முகட்டுல ஏறினாங்க. சரிவு அவ்வளவு செங்குத்து, தலையை வெளிய நீட்டாம வண்டிக்கு வழி காட்ட முடியாது, தலையை நீட்டின அதிகாரிங்க ஒருத்தர் விடாம செத்தோ காயப்பட்டோ விழுந்துட்டாங்க, கடைசியில ஒரு சார்ஜன்ட் மேஜர் தான் மிச்ச டாங்கிகளை நடத்தி அந்த முகட்டைப் பிடிச்சார். கொஹிமாவுல இன்னிக்கும் அந்த ரக டாங்கி ஒண்ணு நின்ன இடத்துலயே நினைவா நிக்குது. இதைப் படிச்சதுக்கு அப்புறம் ஏற்காட்டு ரோட்டுல பஸ் திரும்பும்போதெல்லாம் எனக்கு அந்த முகடு தான் ஞாபகம்.

ஆனா கிட்டா பாத்தா லீ முதல் கிட் இல்ல. டாமியாவோட லீயும், அதோட பிரிட்டிஷ் ரகமான கிராண்ட்டும் 1970கள்ல செஞ்ச அச்சு, ஒட்ட சுலபம், நுணுக்கம் இப்ப வர்ற அளவுக்கு இருக்காது. டகோம் கம்பெனி போடறது புதுசு, ரிவெட்டு எல்லாம் கூர்மையா இருக்கும், அதுக்கேத்த மாதிரி சக்கரத் தொகுதியே ஆறு, ஒவ்வொண்ணும் பல துண்டு. மினிஆர்ட் கம்பெனி உள்பாகத்தோட ஒண்ணு போடறாங்க, எஞ்சின், குண்டு அடுக்கற தட்டு, டிரைவர் சீட்டு எல்லாம் உண்டு, பாகம் ஆயிரத்துக்கு மேல. அற்புதமான பெட்டி, ஆனா உள்ள செய்யற வேலையில முக்கால்வாசி மேல மூடி போட்டதும் மறைஞ்சுடும், அதை ரசிக்கறதுக்கு ஒரு பக்குவம் வேணும், அது பத்தாவது கிட்டுல வரும். உயரமும் ஒரு பிரச்சனை, நிஜத்துல 3.12 மீட்டர், 1/35ல 9 சென்டிமீட்டர் கிட்ட. ஏன் உயரத்தைப் பத்திப் பேசறேன்னு பின்னாடி புரியும்.

பிடி-76ங்கற சோவியத் டாங்கியை சீக்கிரம் சொல்லிடறேன். 1971 நவம்பர் 21 கரீப்பூர்ல பனிமூட்டத்துல 45 கேவல்ரியோட 14 பிடி-76 பாகிஸ்தானோட சேஃபி டாங்கிகளை எதிர்த்து நின்னுச்சு, ஸ்குவாட்ரனை நடத்தின மேஜர் தல்ஜித் சிங் நாரக் அங்கயே உயிர் விட்டார், மகாவீர் சக்ரா குடுத்தாங்க. தண்ணியில மிதக்கற டாங்கி, படகு மாதிரி தட்டையான உடம்பு, பக்கத்துக்கு 6 சக்கரம், மேல குட்டி உருளை எதுவும் கிடையாது. சக்கரக் கணக்குல பாத்தா இதை மிஞ்ச ஆள் இல்ல. டிரம்பெட்டர் கம்பெனி 1/35ல போடறாங்க. நான் தேடின அன்னிக்கு நம்ம நாட்டுக் கடை எதுலயும் இல்ல, வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா தபால் செலவும் சுங்க வரியும் சேந்து பட்ஜெட்டைத் தாண்டிடும். கையில கிடைச்சா யோசிக்காம எடுங்க.

யுனிவர்சல் கேரியர்னு ஒண்ணு, பிரென் கேரியர்னும் சொல்லுவாங்க. 1,13,000 கிட்ட செஞ்சாங்க, உலகத்துலயே அதிகமா செஞ்ச கவச வண்டி இது தான். இந்தியப் பட்டாளங்க எல்லா முனையிலயும் இதுல போயிருக்காங்க. 1/35ல 10 சென்டிமீட்டர் தான், டாமியா பெட்டி விலையும் கம்மி. கடைக்காரங்க முதல் கிட்டுன்னு கேட்டா இதைத் தான் எடுத்துக் காட்டுவாங்க. நான் வேண்டாம்பேன். காரணம் இருக்கு: மேல மூடி இல்லாத வண்டி. உள்ள இருக்கற எஞ்சின் மூடி, சீட்டு, கியர் கம்பி எல்லாம் கண்ணுக்குத் தெரியும், அதனால பாதி ஒட்டி நிறுத்தி உள்ள பெயின்ட் அடிச்சு, காய வெச்சு, மறுபடி ஒட்டணும். மூடின டாங்கியில முழுசா ஒட்டிட்டு வெளிய ஒரே மூச்சுல பெயின்ட் அடிக்கலாம். அதோட மேல தெறந்த வண்டியில ஆள் இல்லாம இருந்தா வெறிச்சுன்னு இருக்கும், ஆள் வெச்சா முகம் வரையணும், அரை விரல் அகல முகத்துல கண்ணு வரையறது டாங்கி ஒட்டறதை விடப் பெரிய வித்தை. பாகம் கம்மியா இருக்கறதும் வேலை கம்மியா இருக்கறதும் ஒண்ணு இல்ல, இதை மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கோங்க.

இப்ப ஸ்டூவர்ட். எம்5ஏ1, நம்ம ராணுவக் கணக்குல ஸ்டூவர்ட் மார்க் 6. 15 டன், 37 மில்லிமீட்டர் பீரங்கி, ரெண்டு கேடிலாக் கார் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், உள்ள நாலு பேரு. டைகரோட வெச்சுப் பாத்தா எடையில நாலுல ஒரு பங்கு. மாப்ள கிட்ட பேரைச் சொன்னதும் "கேம்ல அதை யாரும் எடுக்க மாட்டாங்க மாமா"ன்னான். அவன் சொல்றது சரி, டாங்கிக்கு டாங்கி நேருக்கு நேர் நின்னா ஸ்டூவர்ட் நிக்காது. ஆனா சோஜிலாவுக்கு எந்த டாங்கி போச்சு?

1948 காஷ்மீர் போர்ல லே, லடாக் பக்கம் போற வழி அடைபட்டுக் கெடந்துச்சு, சோஜிலா கணவாயில எதிராளிங்க மேல உக்காந்துக்கிட்டு இருந்தாங்க, காலாட்படை ஏறிப் பாத்து முடியல. உயரம் பதினோராயிரத்து ஐநூறு அடிக்கு மேல, அதாவது ஏற்காட்டை விட ரெண்டு மடங்குக்கும் மேல. டிவிஷன் கமாண்டர் திம்மையா அங்க டாங்கியைக் கொண்டு போலாம்னு முடிவு பண்ணார். செவன்த் கேவல்ரியோட ஸ்டூவர்ட் டாங்கிங்க ஜம்மு பக்கத்துல இருந்து வரணும், வழியில இருக்கற பாலம் தாங்காது, எதிராளிக்கும் தெரியக் கூடாது, அதனால டரட்டைக் கழட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரியில நகர்த்திக் கொண்டு போனாங்க. பால்தால்ல இருந்து கணவாய்க்கு கோவேறு கழுதை போற பாதை தான் இருந்துச்சு, அதை டாங்கி போற அளவுக்கு வெட்டி அகலப்படுத்தினது மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்துல எல்லாரும் தம்பின்னு கூப்பிடற நம்ம ஆளுங்க. 1948 நவம்பர் 1, பனி கொட்டிக்கிட்டு இருக்க, அந்த உயரத்துல டாங்கி வரும்னு கனவுலயும் நெனைக்காதவங்க முன்னாடி ஸ்டூவர்ட்டுங்க ஏறி நின்னுச்சு, கணவாய் கைக்கு வந்துச்சு. 57 டன் டைகர் அந்த ரோட்டுல முதல் பாலத்தையே தாண்டியிருக்காது.

எங்க தாத்தா, அதாவது அம்மாவோட அப்பா, மெட்ராஸ் சாப்பர்ஸ்ல இருந்தவர். காஷ்மீர்ல ரோடு போட்டோம்னு சொல்லுவார், அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டார், ஒரே ஒரு வாக்கியம் மட்டும் எனக்கும் அக்காவுக்கும் ஞாபகம் இருக்கு: "வண்டியோட தலை தனியா வந்துச்சு, உடம்பு தனியா வந்துச்சு, நாங்க போட்ட பாதையில தான் ஏறிச்சு." சின்ன வயசுல அதைக் கதைன்னு நெனைச்சோம். நான் மாடல் ஒட்ட ஆரம்பிச்சு சோஜிலா பத்திப் படிச்சப்ப தான் தலைன்னு அவர் சொன்னது டரட்டைன்னு புரிஞ்சுது. அவர் இல்லாம ஆறு வருஷம் ஆச்சு அப்ப. நான் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்ல.

இந்தப் பாசத்துனால மட்டும் நான் ஸ்டூவர்ட்டைத் தேர்ந்தெடுக்கல, கிட்டாவும் அது தான் நிக்குது. பக்கத்துக்கு ரெண்டு சக்கரத் தொகுதி, நாலு சக்கரம், பின்னாடி ஒரு பெரிய சக்கரம், மேல மூணு குட்டி உருளை. தரையில ஓடற சக்கரம், பின்னாடி இருக்கறதையும் சேத்தாலும் மொத்தமே 10, டைகர்ல 48. டிராக் ரப்பர் கட்டை வெச்ச ரகம், நிஜத்துலயே இழுத்துக் கட்டின மாதிரி விறைப்பா தான் ஓடும், அதனால பெட்டியில வர்ற பெல்ட் டிராக்கை அப்படியே மாட்டினாலும் கண்ணை உறுத்தாது, தனியா எதுவும் வாங்க வேண்டாம். கலர் ஒண்ணே ஒண்ணு, ஆலிவ் டிராப், டாமியாவுல எக்ஸ்எஃப்-62, ஒரு சின்ன பாட்டில் போதும், தூரிகையில மெல்லிசா மூணு தடவை அடிச்சாலே நல்லா வரும். உடம்பு வெல்டிங் வெச்ச இரும்புத் தகடு, பெரிய தட்டையான பரப்பு, ரிவெட்டு எண்ண வேண்டியது இல்ல. கவனமா இருக்க வேண்டியது பீரங்கி ஒண்ணு தான், 37 மில்லிமீட்டரை 35 பங்கு சுருக்கினா துளையே ஒரு மில்லிமீட்டர், குழல் ஊதுபத்திக் குச்சியை விடக் கொஞ்சம் தான் தடிமன், பாகங்க ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டத்துல இருந்து வெட்டும்போது குழல்ல கை வைக்காம அடியைப் பிடிச்சு வெட்டணும்.

இதுல ரெண்டு பெட்டி போட்டி போட்டுச்சு. ஏஎஃப்வி கிளப் கம்பெனியோட எம்5ஏ1 நுணுக்கத்துல ஒரு படி மேல, போல்ட்டு, கொக்கி, கருவிப் பட்டை எல்லாம் தனித்தனி பாகம். டாமியா எம்5ஏ1 எளிமை, பல சின்ன விஷயம் உடம்போடவே வார்த்து வரும், படிப்படியா போட்டிருக்கற வரைபடம் தெளிவு, ஆள் உருவமும் சேத்து வருது. எனக்குன்னா ஏஎஃப்வி கிளப். அவனுக்கு டாமியா. கருவியெல்லாம் உடம்போட சேந்து வந்தா பெயின்ட் அடிக்கறப்ப மரக்காம்பு தனியா, இரும்பு தனியா கோடு தாண்டாம அடிக்கணும், அது ஒரு சிரமம், ஆனா அரிசி அளவு பாகம் விரல்ல இருந்து பறந்து காரைத் தரையில காணாம போறதுக்கு இது எவ்வளவோ தேவலாம். ரெண்டு பெட்டியிலயும் சோஜிலா டாங்கிக்கான ஸ்டிக்கர் வராது. இணையத்துல அந்தக் காலப் போட்டோ சிலது இருக்கு, அதைப் பாத்து தூரிகையில எழுதிக்கலாம், இல்லன்னா ஒண்ணும் ஒட்டாமலே சேறும் பனியும் பூசி விட்டுடலாம். பனிக்கு ஆப்ப சோடாவைத் தூவச் சொல்லி நெறைய பேர் சொல்லுவாங்க, செய்யாதீங்க, கொஞ்ச வருஷத்துல பழுப்பா மாறிடும், பசையோட சேந்தா பெயின்ட்டையும் கெடுக்கும். மாடலுக்குன்னே விக்கற பனித்தூள் ஒரு குப்பி வாங்கினா பல வருஷம் வரும்.

ஊரு விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா வெளிநாட்டு ஆளுங்க போடற வீடியோவுல இது இருக்காது. சேலத்துல சித்திரை வைகாசியில ஆக்ரிலிக் பெயின்ட் தூரிகை நுனியிலயே காஞ்சுடும், ஏர்பிரஷ்னா ஊசி நுனியில கெட்டியாகி துப்பும். அதுக்கு ரிடார்டர்னு ஒரு திரவம், ரெண்டு சொட்டு கலந்தா காயறது தாமதமாகும், கூடவே காலையில எட்டு மணிக்கு முன்னாடி அடிச்சு முடிச்சுடணும். ஏற்காடு நேர் எதிர். ஈரக் காத்துல லாக்கர் பெயின்ட்டோ, கலருக்கு முன்னாடி அடிக்கற ஸ்ப்ரே பிரைமரோ அடிச்சா காயும்போது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து வெள்ளையா பூத்துடும், எண்ணெய் தேய்க்காத கால் மாதிரி. ஒருத்தர் ஆவணி மாசத்துல அங்க அடிச்ச பிரைமரை நான் பாத்திருக்கேன், முழுசா சுரண்டி மறுபடி அடிக்க வேண்டியதாப் போச்சு. அதனால நாங்க பண்ணின ஏற்பாடு என்னன்னா, ஒட்டற வேலை எல்லாம் அவன் மேல பண்ணுவான், பசைக்கு ஈரம் ஒண்ணும் பண்ணாது, பிரைமரும் அடிக்கலரும் கீழ எங்க வீட்டு மொட்டை மாடியில. அப்படின்னா ஒட்டின டாங்கி பஸ்ஸுல 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரணும். இங்க தான் உயரமும் நீளமும் வந்துச்சு. பீரங்கியோட டைகர் 24 சென்டிமீட்டர், வீட்டுல இருக்கற எந்த டப்பாவுலயும் அடங்காது. லீயோட உயரத்துக்கு மூடி மூடாது. ஸ்டூவர்ட் 14 சென்டிமீட்டர், டரட்டை எடுத்துட்டா அக்காவோட சப்பாத்தி டப்பாவுல பஞ்சு வெச்சு அழகா உக்காரும்.

கருவிக்கு அதிகம் செலவு பண்ணாதீங்க. நிப்பர் ஒண்ணு மட்டும் நல்லதா வாங்குங்க, மழுங்கின நிப்பர் பிளாஸ்டிக்கை வெட்டாது, பிக்கும், வெள்ளையா தழும்பு விழும். மிச்சத்துக்கு செவ்வாய்ப்பேட்டை இருக்கு. கொலுசு பட்டறைக்காரங்க வாங்கற கடையில பொடி அரம், வளைஞ்ச மூக்கு ட்வீசர், அதை அங்க சாமணம்பாங்க, கண்ணுல மாட்டற லென்ஸ் எல்லாம் கிடைக்கும், மாடல் கடையில கேக்கற விலைக்கு ரொம்பக் கீழ, வெள்ளி வேலைக்குத் தாங்கற சாமான் பிளாஸ்டிக்குக்குத் தாங்காதா. மெல்லிய உப்புத்தாள் ஹார்டுவேர் கடையில 800, 1000 நம்பர்னு கேளுங்க. பசை மட்டும் மாடலுக்குன்னு விக்கற தண்ணி மாதிரி மெல்லிசானது, மூடியிலயே தூரிகை இருக்கும், ரெண்டு பாகத்தையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு இடுக்குல தொட்டாப் போதும் தானா ஓடிப் போய் பிடிச்சுக்கும். ஜன்னலைத் தெறந்து வெச்சுக்கிட்டு ஒட்டணும், அந்த வாடையை மூச்சுல இழுக்கக் கூடாது, இதை அவன் கிட்ட மூணு தடவை சொல்லியிருக்கேன்.

வாங்கும்போது ஒண்ணு. பெட்டி வந்த அன்னிக்கே சட்டங்களை வரைபடத்தோட சரி பாருங்க. ஒரு தடவை ஒரு ஆன்லைன் கடையில நான் வாங்கினதுல ஒரு முழுச் சட்டமே இல்ல, நான் பிரிச்சுப் பாத்தது ரெண்டு மாசம் கழிச்சு, அதுக்குள்ள மாத்தித் தர்ற காலம் முடிஞ்சு போச்சு. பழைய பெட்டி பாதி விலைக்கு வந்தா டிராக்கை மடிச்சுப் பாருங்க, பழைய வினைல் வெடிச்சுடும், சிலது தொட்டுக்கிட்டு இருக்கற பிளாஸ்டிக் சக்கரத்தையே உருக்கிடும், நம்ம ஊர் சூட்டுல அது இன்னும் சீக்கிரம். வண்டி டிக்கியில வெச்சுட்டு வெயில்ல நிறுத்தாதீங்க, உடம்பு வளைஞ்சுட்டா திரும்ப நேராக்கறது பாடு.

மாப்ள கிட்ட இத்தனையும் போன்ல சொன்னேன். சக்கரக் கணக்கு அவனை அசைக்கல, டிராக் தொய்வும் அசைக்கல, "எல்லாம் பண்ணிக்கறேன் மாமா"ன்னு தான் சொன்னான். கடைசியா தாத்தா சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன். அவன் அதைக் கேட்டதே இல்லையாம். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் அக்காவைக் கூப்பிட்டு "நெசமாம்மா?"ன்னு கேக்கறது காதுல விழுந்துச்சு. மறுநாள் காலையில மெசேஜ்: டைகர் அடுத்த வருஷம், இப்ப ஸ்டூவர்ட்.

டாமியா எம்5ஏ1, எக்ஸ்எஃப்-62 ஒரு பாட்டில், பசை, நிப்பர், தூரிகை மூணு, எல்லாம் சேத்து ஒதுக்கின காசுக்குள்ள வந்துச்சு, பனித்தூள் அடுத்த மாசம். பெட்டி போன வாரம் ஏற்காடு போய்ச் சேந்துருச்சு. நேத்து போன்ல அடி உடம்பு ஒட்டியாச்சு, சக்கரம் நாலு முடிஞ்சுதுன்னான். டரட்டை ஒட்டாதடா, திருப்பினா மாட்டிக்கற மாதிரி காது இருக்கும், வெறுமனே வெச்சா போதும்னேன். "தெரியும் மாமா, அதுக்கு வேற டப்பா எடுத்து வெச்சுட்டேன், தலை தனியா தான் வரும்"னான்.